பொங்கல் பட்டப் போட்டியில் புதியவர் யார்?

வாசகர் கேள்வி, 10 நவம்பர் 2024

எங்கள் ஊர்ச் சனசமூக நிலையம் வரும் பொங்கலை ஒட்டி ஒழுங்கைகளுக்கு இடையில் பட்டப் போட்டி வைக்கிறது. பரிசு பெரிதில்லை. ஒரு கேடயமும் கொஞ்சம் சில்வர் சாமானும்தான். ஆனால் வருடா வருடம் அதே நாலு பேர்தான் எடுக்கிறார்கள். மற்றவர்கள் பட்டம் கொண்டுவருவதையே விட்டுவிட்டார்கள். அதனால் இந்த முறை புதியவர் பிரிவு ஒன்று வைப்போம் என்று முடிவெடுத்தோம். யார் புதியவர் என்று கேட்டதும் கூட்டம் குழம்பிவிட்டது. 15 வயதுக்குக் கீழ் என்றார் ஒருவர். முதல் முறை கலந்துகொள்பவர் என்றார் இன்னொருவர். என் கருத்து, இதுவரை பரிசு எடுக்காத எல்லாரும் புதியவர்தான். இதில் என்ன பிழை அண்ணா?

11 நவம்பர்

தம்பி, நீங்கள் சொல்வதில் பாதி எனக்குச் சரி. மற்றப் பாதி உதைக்கிறது.

எங்கள் ஊரில் ஒருவர் இருக்கிறார். வாடைக்காற்று எடுபட்டதும் முதலில் கேட்பது அவருடைய விண்தான், பட்டத்தில் பூட்டினால் காற்றில் கூவுகிற நார் வில். நாரைச் சீவிச் சீவி, விரலில் வைத்துச் சுண்டிப் பார்த்து, பிறகுதான் வில்லில் பூட்டுவார். பட்டத்தை ஏற்றிப் பனையில் கட்டிவிட்டுப் படுத்தால் விடியும்வரை ஒரே சுருதியில் கூவும். அவருக்கு ஒரு போட்டியிலும் பரிசு கிடைத்ததில்லை. நடுவர்கள் புள்ளி போடுவது உருவத்துக்கும் நிறத்துக்கும். விண்ணுக்கு யாரும் போடுவதில்லை. உங்கள் விதிப்படி அவர் புதியவர். அவர் அந்தப் பிரிவில் வந்து நின்றால், போன மார்கழியில் முதல் பட்டம் கட்டிய ஆள் அப்படியே திரும்பி வீட்டுக்குப் போய்விடுவார்.

விதி எழுத முதல் நிலையத்தில் ஒன்றைக் கேளுங்கள்: இந்தப் பிரிவு யாருக்காக? பட்டம் கொண்டுவருவதையே விட்டுவிட்டார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படி விட்டவர்களில் இரண்டு பேரை மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு விதியையும் பாருங்கள். அவர்கள் வருவார்களா, மாட்டார்களா?

13 நவம்பர்

வயதைப் பற்றி முந்தநாள் எழுத விட்டுப்போனது.

வயது வேறு, பழக்கம் வேறு. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறைப் பக்கம் போய்ப் பாருங்கள். மூங்கில் பிளக்கிற கத்தியைப் பிடிக்கத் தெரிந்த நாளில் இருந்து பட்டத்தோடு வளர்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். 12 வயதில் கொக்குப் பட்டம் கட்டி, இரண்டு சிறகும் ஒரே கனத்தில் நிற்கச் செய்வார்கள். அதே ஊரில் கந்தோர் வேலைக்குப் போய்வரும் நாற்பது வயது மனிதர் ஒருவர், சின்ன வயதில் போரால் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து திரிந்ததில் பட்டம் ஏற்றுகிற வருடங்களைத் தவறவிட்டவர், இப்போது தன் மகளோடு சேர்ந்து ஆசையாகத் தொடங்குகிறார். இந்த இரண்டு பேரில் யார் புதியவர்?

எங்கள் பகுதியில் இப்படித் தவறவிட்டவர்கள் ஒரு தலைமுறையே உண்டு. 15 வயதுக் கோடு போட்டால் அவர்கள் எல்லாரும் வெளியே நிற்பார்கள். சிறுவர் பிரிவு வேண்டும் என்றால் அதைத் தனியாக வையுங்கள். நல்ல விஷயம்தான். புதியவர் பிரிவோடு மட்டும் கலக்க வேண்டாம்.

14 நவம்பர்

சிறுவர் பிரிவு என்றதும் ஒருவர், அதில் அப்பாமார்தான் போட்டி போடுவார்கள் என்று எழுதியிருக்கிறார். உண்மை. பிள்ளை நூலைப் பிடித்து நிற்கும், மூங்கில் சீவியது முதல் முச்சை (பட்டத்தை நூலோடு இணைக்கிற கட்டு) போட்டதுவரை தகப்பன். அது குற்றம் இல்லை. தகப்பனும் பிள்ளையும் சேர்ந்து கட்டுவதுதான் இந்தக் கலை இவ்வளவு காலம் நின்றதற்குக் காரணம். ஆனால் பரிசு யாருடைய கைக்கு என்று தெரிய வேண்டும்.

17 நவம்பர்

இந்த இரண்டு மூன்று நாளும் இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். வயது சரிவராது, பரிசுக் கணக்கும் முழுக்கச் சரிவராது என்றால் எதைப் பார்ப்பது? பட்டம் கட்டும்போது கையில் என்ன நடக்கிறது என்று பார்க்கலாம்.

போன பருவத்தில், மழை விட்ட ஒரு பின்னேரம், பக்கத்து வீட்டுப் பெடியன் ஒரு நாற்கோணப் பட்டத்தோடு வந்தான். நல்ல டிசுப் பேப்பர், கோதுமை மாப் பசை, கையில் பொத்தியபடி வால் துணி. ஏற்றினான். ஒரு பனை உயரம் போனதும் இடப்பக்கம் சாய்ந்து வட்டமடித்துத் தலைகீழாகக் குத்தியது. வாலை நீட்டினான். கொஞ்சம் பொறுத்துக் குத்தியது. இன்னும் நீட்டினான். இப்போது பாரத்தில் எழும்பவே இல்லை.

நான் பட்டத்தைத் தொடவில்லை. நடு மூங்கிலின் கீழே ஒரு விரலை வைத்துத் தூக்கிப் பார் என்றேன். தூக்கினான். இடப்பக்கச் சிறகு மெல்ல இறங்கியது. அவன் முகம் மாறியதைப் பார்க்க வேண்டும். குறுக்கு மூங்கிலின் இடப்பாதியில் கணு இருந்தது, அங்கே தடிப்பு. சீவு கத்தியை எடுத்துத் துளித் துளியாக மழித்து மழித்து, ஒவ்வொரு தரமும் விரலில் வைத்துப் பார்த்தான். சமனானதும் முச்சைக்கு வந்தான். மேலே இரண்டு நூல், கீழே ஒன்று, மூன்றும் கூடும் முடிச்சு. முடிச்சை ஒரு விரல் அகலம் மேலே ஏற்றினால் பட்டம் தலையைக் காற்றுக்குள் சாய்க்கும். கீழே இறக்கினால் நெஞ்சை நிமிர்த்திக் காற்றை வாங்கும். அன்றைக்குக் காற்று பலம். மேலே ஏற்றச் சொன்னேன். பட்டம் ஆடாமல் நின்றது.

இதற்குள் விடை இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. புதியவருக்குப் பட்டம் விழுந்தது தெரியும், ஏன் விழுந்தது என்று தெரியாது. அதனால் எல்லாவற்றுக்கும் வாலை நீட்டுவார். கொஞ்சம் பழகியவர் விழுந்த பிறகு காரணம் சொல்வார். கைதேர்ந்தவர் ஏற்ற முதலே சொல்லிவிடுவார். இந்த முதலாவது ஆளுக்குத்தான் உங்கள் பிரிவு. அவர் எத்தனை வயதாக இருந்தாலும் சரி, எத்தனை பொங்கல் மைதானத்தில் நின்றிருந்தாலும் சரி.

18 நவம்பர்

"அப்படியென்றால் பதியும்போது பரீட்சை வைப்பதா?" என்று கேட்கிறீர்கள். இல்லை. பரீட்சை என்றால் நாங்கள் கூப்பிட நினைத்த ஆள்தான் முதலில் ஓடுவார். உள்ளே இருப்பதை வெளியே தெரிகிற ஒன்றாக மாற்ற வேண்டும். யோசித்து எழுதுகிறேன்.

20 நவம்பர்

மற்றப் போட்டிகள் இதை எப்படிச் செய்கின்றன என்று பார்ப்பது உதவும். இங்கே இலங்கையில் குத்துச்சண்டையிலும் சதுரங்கத்திலும் நவீஸ், அதாவது புதியவர் போட்டி என்று தனியாக நடத்துகிறார்கள். ஆகவே புதியவருக்கு இடம் ஒதுக்குவது எங்களுக்குப் புதிய யோசனை இல்லை.

அமெச்சூர் வானொலிக்காரர்களின், அதாவது பொழுதுபோக்காகச் சொந்தக் கருவியில் வானலையில் கதைக்கிறவர்களின், பெரிய உலகப் போட்டி சீகியூ டபிள்யூ டபிள்யூ. அதில் ரூக்கி (புதியவர்) என்று ஒரு வகை உண்டு. முதல் உரிமம் எடுத்து 3 வருடத்துக்கு மேல் ஆகாதவர் அதில் சேரலாம். வெறும் காலக் கணக்கு. உரிமத்தில் திகதி இருப்பதால் சண்டைக்கு இடமில்லை. பட்டத்துக்கு உரிமம் இல்லையே, அங்கேதான் எங்களுக்குச் சிக்கல்.

அமெரிக்காவின் நாய் வளர்ப்போர் சங்கமான ஏகேசி நடத்தும் நாய்க் கண்காட்சிகளில் நவீஸ் வகுப்பு இருக்கிறது. அந்த வகுப்பில் 3 முதல் பரிசு எடுத்துவிட்டால் பிறகு அதில் நிற்க முடியாது. சில மேல் வகுப்புகளில் ஒரு முதல் பரிசு எடுத்தாலே போதும், வெளியே. இது உங்கள் பரிசுக் கணக்குத்தான். ஆனால் எந்த வகுப்பில் எடுத்த பரிசு எவ்வளவு பெறுமதி என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். அது எனக்குப் பிடித்தது.

சதுரங்கத்தில் உலகக் கூட்டமைப்பான ஃபிடே ஆளின் திறமைக்குக் கொடுக்கும் தரப்புள்ளி எல்லாருக்கும் தெரிந்தது. தரம் பெற்ற ஆட்களோடு 5 ஆட்டமாவது ஆடினால்தான் பட்டியலில் ஏறலாம். ஏறிய பிறகும் முதல் 30 ஆட்டம் முடியும்வரை புதியவரின் புள்ளி மற்றவர்களுடையதைப் போல இரண்டு மடங்கு வேகமாக ஏறி இறங்கும். அந்த வேகத்தைத் தீர்மானிக்க அவர்கள் பாவிக்கும் கே எண் புதியவருக்கு 40, பெரும்பாலானவர்களுக்கு 20, 2400 புள்ளி தொட்டவருக்கு 10. அதாவது, இந்த ஆளைப் பற்றி எங்களுக்கு இன்னும் வடிவாகத் தெரியாது என்று கணக்கே ஒத்துக்கொள்கிறது. 2024 மார்ச்சில் பட்டியலின் அடிமட்டத்தை 1000இல் இருந்து 1400க்கு உயர்த்தினார்கள். உலகம் முழுக்கப் புள்ளி வைத்திருக்கிறவர்களே கோட்டை இடைக்கிடை நகர்த்துகிறார்கள் என்றால், ஓர் ஊர்ச் சனசமூக நிலையம் முதல் வருடமே அசையாத கோடு போடத் தேவையில்லை.

21 நவம்பர்

நேற்றையதோடு ஒட்டி ஒன்று. காலக் கணக்கை எடுத்துக்கொள்வோம், ஆனால் எங்கே இருந்து எண்ணுவது என்பதை மாற்றுவோம். "முதல் முறை கலந்துகொள்பவர்" என்று போட்டி நாளில் இருந்து எண்ணினால், வீட்டு மொட்டை மாடியில் எத்தனையோ வருடம் ஏற்றிவிட்டு இப்போதுதான் மைதானத்துக்கு வருபவர் புதியவர் ஆகிவிடுவார். தானே கட்டி, தானே முச்சை போட்டு ஏற்றிய முதல் பட்டத்தில் இருந்து எண்ணுங்கள். அந்தப் பருவமும் அடுத்த பருவமும் அவர் புதியவர். மூன்றாவது பருவத்தில் இருந்து பழகியவர்களின் பிரிவு, அதாவது மேல் பிரிவு.

ஏன் இரண்டு? முதல் பருவம் முழுக்கக் குத்துவதிலேயே போய்விடும். இரண்டாவதில்தான் காரணம் பிடிபடும். பக்கத்து வீட்டுப் பெடியனும் அப்படித்தான், நானும் அப்படித்தான் பழகினேன்.

28 நவம்பர்

வெள்ளம். எங்கள் ஒழுங்கையிலும் முழங்கால் அளவு தண்ணீர். தாழ்ந்த பக்கத்துச் சனம் பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்கள். உலர்ந்த பாயும் பிள்ளைகளுக்குப் பால்மாவும்தான் இப்போது தேவை. மற்றதெல்லாம் பிறகு.

8 டிசம்பர்

தண்ணீர் வடிந்துவிட்டது. சீவி வைத்த மூங்கில் நனைந்து வளைந்து போனதாகச் சிலர் எழுதியிருக்கிறார்கள். நிழலில் காயவிடுங்கள். வெயிலில் போட்டால் இன்னும் முறுகும்.

விட்ட இடத்துக்கு வருகிறேன். கனடாவில் இருந்து ஒருவர் கேட்கிறார். உடுப்பிட்டியில் பிறந்தவர், 1980களில் பட்டம் ஏற்றியவர், பிறகு போய்விட்டார், இந்தப் பொங்கலுக்கு வருகிறாராம். தானும் பிள்ளைகளும் புதியவர் பிரிவில் சேரலாமா?

பிள்ளைகள் தாராளமாக. உங்களைப் பற்றி நேற்று முழுக்க யோசித்தேன் அண்ணா. கணக்குப்படி உங்கள் இரண்டு பருவமும் எப்போதோ முடிந்துவிட்டது. கையும் மறக்காது. நீச்சல் பழகினவன் எத்தனை வருடம் கழித்துக் கடலில் இறங்கினாலும் மூழ்க மாட்டான், அது மாதிரி. ஆனால் இன்றைய பட்டங்கள் நீங்கள் விட்டுப்போன பட்டங்கள் இல்லை. அப்போது எட்டுமூலையும் படலமும் வௌவாலும் பெரிய விஷயம். இப்போது பொங்கல் அன்று வல்வெட்டித்துறை உதயசூரியன் கடற்கரையில் நின்றால், முப்பரிமாண உருவங்கள், அசைகிற உறுப்புகள், இருட்டினால் மின்விளக்கு என்று வானம் நிறைந்திருக்கும். அதைப் பார்த்து வளர்ந்தவர்களோடு முதல் வருடமே மோதச் சொல்ல எனக்கு மனமில்லை. நீண்ட இடைவெளிக்குப் பிறகு திரும்புகிறவருக்கு ஒரே ஒரு பருவம் சலுகை. அதற்குப் பிறகு மேலே. இதில் வேறு கருத்து உள்ளவர்கள் சொல்லுங்கள்.

9 டிசம்பர்

ஒரு தங்கச்சி எழுதியதை அப்படியே போடுகிறேன்: "நான் சின்னனில் இருந்து அண்ணன்மாரின் பட்டத்துக்குப் பேப்பர் ஒட்டினேன், வால் கிழித்தேன், பசை காய்ச்சினேன், நூல் சுற்றினேன். ஒரு நாளும் பட்டம் ஏற்ற விடவில்லை. பருவக் கணக்கு எனக்கு எப்போது தொடங்கும்?"

இந்தக் கேள்விக்காகவே இந்த இழை தொடங்கியது நல்லது என்று நினைக்கிறேன். உங்களுக்குக் கணக்கு இன்னும் தொடங்கவில்லை. நீங்களே முச்சை போட்டு, நூல் உங்கள் கையில் இருந்து ஓடுகிற அன்றைக்குத்தான் தொடங்கும். பேப்பர் ஒட்டுவதில் உங்களுக்கு இருக்கிற கைப்பதம் மேல் பிரிவில் நிற்கிற பலருக்கு இருக்காது. அதற்காக உங்களைப் புதியவர் இல்லை என்று சொன்னால் அநியாயம்.

ஒழுங்கமைப்பாளர்களுக்குச் சொல்கிறேன். அறிவித்தலில் "பெண்களும் சேரலாம்" என்று ஒரு வரி போட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். "வீட்டில் பட்டம் கட்ட உதவி செய்தவர்கள், இதுவரை தாமே ஏற்றாதவர்கள், புதியவர் பிரிவில் சேருங்கள்" என்று எழுதுங்கள். யாரைக் கூப்பிடுகிறீர்கள் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

10 டிசம்பர்

சரி, நூல் பிடிப்பவர் புதியவர், கட்டியவர் பழையவர் என்றால்? கட்டியவரைக் கொண்டே பிரிவைத் தீர்மானியுங்கள். கூட்டாகக் கட்டியிருந்தால் குழுவில் அதிகம் பழகியவர் எந்தப் பிரிவோ பட்டமும் அந்தப் பிரிவு. ஆலோசனை சொல்வது மட்டும் கணக்கில் வராது. திண்ணையில் இருந்து "முடிச்சை ஏற்று" என்று சொல்கிற பெரியவரைத் தடுத்தால் ஊரில் யாருமே பழக மாட்டார்கள். சொல்லலாம், தொடக்கூடாது.

15 டிசம்பர்

பட்டத்தின் அளவைப் பற்றி இதுவரை யாரும் கதைக்கவில்லை. எனக்கு இது முக்கியம்.

2021 டிசம்பரில் பருத்தித்துறைப் பக்கம் நடந்தது எல்லாரும் வீடியோவில் பார்த்ததுதான். குழுவாகச் சேர்ந்து பெரிய பட்டம் ஏற்றினார்கள். மற்றவர்கள் கயிற்றை விட்டுவிட, பிடித்தபடி நின்ற ஓர் இளைஞரைக் கயிறோடு பட்டம் வானத்தில் தூக்கியது. விழுந்து உயிர் தப்பினார். அவர்கள் பழக்கமில்லாதவர்கள்கூட இல்லை. பெரிய பட்டத்துக்கு வாடையில் இருக்கிற இழுவை அப்படி.

ஆகவே புதியவர் பிரிவில் ஓர் ஆள் தனியாக ஏற்றி இறக்கக்கூடிய பட்டம் மட்டும். சாதாரண நூல், தடித்த கயிறு வேண்டாம். பட்டத்தின் உயரம் அதை ஏற்றுகிறவரின் நெஞ்சு மட்டத்துக்கு மேல் போகக்கூடாது. மின்கம்பி இல்லாத மைதானமாகப் பாருங்கள். கம்பியில் சிக்கினால் எடுக்கப் போகவே கூடாது என்று காலையில் ஒலிவாங்கியில் சொல்லுங்கள்.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. அளவைக் கட்டுப்படுத்தினால் பணம் செலவழித்து வெல்வது குறையும். நாலைந்து மூங்கில், சில தாள் பேப்பர், ஒரு நூல் கட்டை. எல்லாருக்கும் அதேதான். கண்ணும் கையும் மட்டும் போட்டி போடும்.

22 டிசம்பர்

வேண்டுமென்றே கீழ்ப் பிரிவில் நுழைபவரை என்ன செய்வது என்று பலர் கேட்டுவிட்டீர்கள். எனக்கு இது வலித்த விஷயம்.

முன்பு ஒரு போட்டியில் நானும் பழகத் தொடங்கிய காலத்தில் கலந்துகொண்டேன். ஊர் வேண்டாம், ஆள் வேண்டாம். நன்றாகப் பழகிய ஒருவர் தன் மருமகனின் பெயரைக் கொடுத்து, தானே கட்டிய கொக்குப் பட்டத்தை அனுப்பினார். எல்லாருக்கும் தெரியும். யாரும் வாய் திறக்கவில்லை, கேடயம் அந்த வீட்டுக்குப் போனது. அன்று என்னோடு பழகிய இரண்டு பேர் அதற்குப் பிறகு பட்டமே தொடவில்லை. அவர்களுக்குத் தோற்றது பெரிதில்லை. கண் முன்னால் நடந்ததை எல்லாரும் பார்த்தும் பேசாமல் இருந்ததுதான் விட்டுப்போகச் செய்தது.

அதனால் சொல்கிறேன், பதிவை ஒரு கிழமை முதலே முடியுங்கள். பெயர்களையும் பிரிவுகளையும் சனசமூக நிலைய அறிவித்தல் பலகையில் ஒட்டுங்கள். ஆட்சேபம் உள்ளவர் அந்தக் கிழமைக்குள் நிலையத்தில் வந்து நேரே சொல்லட்டும். ஊரில் யார் எத்தனை வருடம் ஏற்றுகிறார் என்பது மறைக்க முடியாத விஷயம். பலகையில் பெயர் ஏறினாலே பாதிப் பேர் தாமாக மேல் பிரிவுக்கு மாறிவிடுவார்கள். போட்டி அன்று மைதானத்தில் ஒருவரையும் பிரிவு மாற்றக்கூடாது. பிள்ளைகளுக்கு முன்னால் ஓர் ஆளைத் தலைகுனிய வைத்துவிட்டு, இதை நட்புப் போட்டி என்று சொல்ல முடியாது.

23 டிசம்பர்

"நேர்மையான ஆளும் தன்னைத் தெரியாமல் கீழ்ப் பிரிவில் போடுவாரே?" போடட்டும். உண்மையாகவே தான் புதியவன் என்று நினைக்கிற ஆள் ஒருவர் கூடுதலாக வருவதால் கெடுதல் இல்லை. வென்றால் அடுத்த வருடம் தானாக மேலே போவார். இறுக்கமான விதியால் ஒரு புதியவர் வராமல் போவதுதான் எனக்குக் கவலை. சந்தேகம் வந்தால் உள்ளே விடுங்கள்.

29 டிசம்பர்

நிலையக் கூட்டத்தில் வாசிக்க ஒரே துண்டாக எழுதித் தாருங்கள் என்று கேட்டீர்கள். இதோ:

"தானே கட்டி, தானே முச்சை போட்டு ஏற்றிய முதல் பட்டத்தில் இருந்து இரண்டு பருவத்துக்கு உட்பட்டவர் புதியவர். வயது எல்லை இல்லை. நீண்ட காலம் விட்டுத் திரும்பியவருக்கு ஒரு பருவம் மட்டும். இந்தப் பிரிவில் முதலாம் இடம் எடுத்தவர் அடுத்த முறை மேல் பிரிவில் சேர வேண்டும். இரண்டாம், மூன்றாம் இடம் எடுத்தவர் விரும்பினால் இன்னொரு முறை நிற்கலாம். வேறு எந்த ஊரிலாவது பெரியவர் பிரிவில் முதல் மூன்று இடத்துக்குள் வந்தவர் இதில் சேர முடியாது. கட்டியவரின் பிரிவே பட்டத்தின் பிரிவு. வாயால் சொல்லிக் கொடுக்கலாம், கை வைக்கக்கூடாது. ஓர் ஆள் தனியாக ஏற்றி இறக்கும் பட்டம் மட்டும். பெயர்கள் ஒரு கிழமை பலகையில் இருக்கும்; ஆட்சேபம் அதற்குள்."

புள்ளி போடுவது பற்றி ஒரு வார்த்தை. புதியவர் பிரிவில் அழகுக்குக் கொஞ்சம், நிலையாக நின்ற நேரத்துக்கு நிறைய. குத்தி விழுந்த பட்டத்தை மைதானத்திலேயே திருத்தி மறுபடி ஏற்றியவருக்குத் தனிப் புள்ளி கொடுங்கள். அந்தத் திருத்தத்தில்தான் ஆள் பழகுகிறார்.

13 ஜனவரி 2025

நேற்று, ஞாயிற்றுக்கிழமை, போட்டி முடிந்தது. நடுவராக வரச் சொன்னீர்கள், வந்தேன். பார்த்ததை எழுதுகிறேன்.

காலையில் காற்று மந்தம். பத்து மணிக்குப் பிறகுதான் வாடை எடுபட்டது. புதியவர் பிரிவில் மேல் பிரிவைவிடக் கூட்டம் அதிகம். போன வருடம் விட்டுவிட்டார்கள் என்று நீங்கள் சொன்ன முகங்கள் சில அங்கே நின்றன. பசை காய்ச்சிய தங்கச்சியும் வந்தார், சிவப்பும் மஞ்சளுமாக எட்டுமூலைப் பட்டத்தோடு. பேப்பரில் ஒரு சுருக்கம் இல்லை. முதல் ஏற்றத்தில் வலப்பக்கம் இழுத்தது. இறக்கினார். அண்ணன்மார் வேலிக் கரையில் நின்று துடித்தார்கள், ஒருவர் காலையும் வைத்துவிட்டார். "தொடக்கூடாது" என்று பிள்ளைகளே கத்தினார்கள். அவர் முச்சையின் வலப்பக்க நூலை அவிழ்த்துக் கட்டி, தூக்கிப் பிடித்துப் பார்த்து, மறுபடி அவிழ்த்துக் கட்டினார். இரண்டாவது ஏற்றத்தில் நின்றது. இரண்டாம் இடம்.

முதலாம் இடத்தில்தான் பிரச்சினை வந்தது. எடுத்தவர் ஒரு மேசன். ஊருக்கு மணம் முடித்து வந்தவர், இதுதான் அவருடைய முதல் பருவம். ஆனால் அவருடைய பட்டம் சமன் பிசகவே இல்லை. ஒருவர் என்னிடம் வந்து, இவர் புதியவராக இருக்க முடியாது, கையைப் பாருங்கள் என்றார். பார்த்தேன். தூக்குக் குண்டும் மட்டப் பலகையும் பிடித்துப் பழகிய கை. நேர்கோடும் சமனும் அவருக்குத் தொழில். ஆனால் காற்று தளர்ந்தபோது நூலை இழுத்துக் கொடுக்கத் தெரியாமல் நின்றார். பட்டம் கீழே கீழே இறங்கியது, பக்கத்தில் நின்ற சின்னப் பெடியன் சொல்லித்தான் இழுத்தார். பட்டத்துக்கு அவர் புதியவர்தான். வேறு தொழிலில் இருந்து வருகிற திறமையை நாங்கள் தண்டிக்கக்கூடாது. பெயர் ஒரு கிழமை பலகையில் இருந்தது, யாரும் ஆட்சேபிக்கவில்லை. தீர்ப்பை மாற்றவில்லை.

16 ஜனவரி

பொங்கல் அன்று உதயசூரியன் கடற்கரைக்குப் போனேன். சனத்துக்குள் கால் வைக்க இடமில்லை. மேசனும் வந்திருந்தார், மகனைத் தோளில் வைத்துக்கொண்டு. ஒரு பெரிய பட்டத்தைக் காட்டி, அதன் குறுக்கு மூங்கில் எங்கே பொருத்தியிருக்கிறது என்று என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். அடுத்த வருடம் மேல் பிரிவு என்பதை மறக்கவில்லை. வருடா வருடம் பரிசு எடுக்கிற அந்த நாலு பேருக்கும் இப்போதே சொல்லி வையுங்கள்.

ஒரு திருத்தம் வேண்டும், கூட்டத்தில் கதையுங்கள். "வேறு எந்த ஊரிலாவது பெரியவர் பிரிவில் முதல் மூன்று இடத்துக்குள்" என்று எழுதினோம். குழுவாக எடுத்த இடத்தை அதில் தெளிவாக்கவில்லை. பெரிய குழுவில் நூல் சுற்றிக் கொடுத்தவரும் கேடயத்தோடு படத்தில் நிற்பார். அவரையும் வெளியே தள்ளிவிடுகிறோம். "தன் கையால் கட்டிய பட்டத்துக்கு" என்று சேர்த்தால் சரியாகும்.

இன்னொன்று, எங்கள் விண்காரர். அவருக்கு இரண்டு பிரிவிலும் இடம் இல்லாத மாதிரி இருக்கிறது. புதியவர் இல்லை, மேல் பிரிவில் உருவத்துக்குத்தான் புள்ளி. அடுத்த முறை விண்ணுக்கென்று ஒரு தனிப் பரிசு வையுங்கள். பட்டங்களை இரவு ஏற்றிக் கட்டிவிட்டு, ஊர்ப் பெரியவர்கள் நாலு பேரை வெவ்வேறு முற்றங்களில் இருந்து கேட்கச் சொல்லலாம். நடத்துவதாக இருந்தால் நான் வருகிறேன்.